கோழிக்கூடு என்று மட்டும் சொல்லிவிட்டு நின்ற நிரல்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: களக்காட்டில் வாழைத்தார் கமிஷன் மண்டி ஒன்றுக்கு, எடை போட்டுச் சிட்டை எழுதும் நிரலைப் பைத்தானில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதமாக ஓடுகிறது. ஆனால் வாரத்துக்கு ஓரிரு முறை, அதுவும் விடியற்காலையில் வண்டிகள் வந்து நிற்கும் நேரத்தில், 'பிழை ஏற்பட்டது' என்ற பெட்டி தோன்றி, சிட்டை பதிவாகாமல் போய்விடுகிறது. நிரலின் தலைவாசலிலேயே ஒரு டிரை-எக்செப்ட் போட்டு, பிழை வந்தால் கோப்பில் எழுதும்படி செய்திருக்கிறேன். அந்தக் கோப்பில் தேதியும் நேரமும், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் 'கோழிக்கூடு' என்ற சொல்லும் இருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை. விலைப்பட்டியலில் ஏத்தன், ரசகதலி, செவ்வாழை, மட்டி ஆகிய வாழை வகைகளோடு கோழிக்கூடு என்ற வகையும் இருப்பதைப் பத்து முறை பார்த்துவிட்டேன். நானே தட்டச்சு செய்து பார்த்தால் பிழை வருவதில்லை. மண்டி அண்ணாச்சியோ, "தம்பி, மெசின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுதியா?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், களக்காடு

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை என்று அண்ணாச்சியிடம் தாராளமாகச் சொல்லலாம். நடந்தது முழுவதையும் சொல்ல நிரல் ஆயத்தமாகத்தான் இருந்தது. அதில் ஒரு சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதைக் கேட்காமல் அனுப்பிவிட்டது, நீங்கள் எழுதிய எக்செப்ட் பகுதி.

பைத்தானில் டிக்ஷனரி (திறவுச்சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல்) ஒன்றில் இல்லாத திறவுச்சொல்லைக் கேட்டால் கீஎரர் என்னும் எக்செப்ஷன், அதாவது பிழையறிவிப்பு, எழும். பிற எக்செப்ஷன்கள் பலவற்றைச் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றினால் ஒரு வாக்கியமாவது கிடைக்கும். கீஎரரை அப்படி மாற்றினாலோ, தேடிய திறவுச்சொல் மட்டும் மேற்கோள் குறியோடு வந்து நிற்கும். எக்செப்ஷனின் வகைப்பெயர்கூட வராது. நீங்கள் எக்செப்ஷனைச் சரமாக்கி எழுதியிருக்கிறீர்கள் என்பது அந்த மேற்கோள் குறியிலிருந்தே தெரிகிறது. ஆகவே, எங்கோ ஒரு டிக்ஷனரியில் கோழிக்கூடு தேடப்பட்டது, அது கிடைக்கவில்லை என்பது வரை உறுதி. எந்த வரியில் தேடப்பட்டது, அந்த வரிக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தது எது என்பவை உங்கள் கோப்பில் இல்லை. உங்களுக்கு இப்போது தேவையோ அவைதான்.

நான் பிறந்த சேரன்மகாதேவியில் கன்னடியன் கால் என்னும் வாய்க்கால் பாய்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், வெடித்துக் கிடக்கும் மண்ணையே பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை; வரப்பிலிருந்து மடைக்கும், மடையிலிருந்து கிளை வாய்க்காலுக்கும், அங்கிருந்து கால்கரை ஏறி மேலே மேலேயும் நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்துவருவார்கள். நிரல் ஓடும்போதும் ஒரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) இன்னொன்றை அழைக்க, அது மூன்றாவதை அழைக்க, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அந்த அடுக்குக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். எக்செப்ஷன் எழும் கணத்தில் அந்த அடுக்கில் எந்தெந்தச் செயற்கூறுகள் இருந்தன, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருந்தது என்ற பட்டியலே ஸ்டாக் டிரேஸ். இனி அதைத் தடம் என்று சுருக்கமாகவே எழுதுகிறேன்.

செய்ய வேண்டிய மாற்றம் ஒரே வரிதான். பைத்தானோடு 2003ஆம் ஆண்டு, 2.3ஆம் பதிப்பிலேயே வந்துவிட்ட, பதிவு எழுதுவதற்கான லாகிங் என்னும் தொகுதியில், எக்செப்ஷன் என்ற பெயரிலேயே ஒரு செயற்கூறு இருக்கிறது. எக்செப்ட் பகுதிக்குள் நின்று அதை அழைத்தால், நீங்கள் கொடுக்கும் செய்தியை எரர் என்ற நிலையில் எழுதி, அதற்குக் கீழே தடம் முழுவதையும் தானே சேர்த்துவிடும். சரமாக மாற்றும் வேலை உங்களுக்கு வேண்டாம். செய்தியாக 'பிழை' என்று எழுதாமல், அப்போது எந்தக் கோப்பை, எத்தனையாவது வரிசையை, எந்த வாழை வகையைக் கையாண்டுகொண்டிருந்தது என்பதை எழுதுங்கள். தடத்தில் வழி இருக்கும். அந்த வழியில் வந்த மதிப்புகள் வழக்கமாக இருப்பதில்லை.

எக்செப்ஷனைத் தலைவாசலில் பிடித்திருக்கிறீர்களே, அது மிகவும் சரி. பலர் இதைத் தவறாகச் செய்கிறார்கள். பைத்தானின் தடம், எக்செப்ஷன் எழுந்த இடத்திலிருந்து அது பிடிக்கப்பட்ட இடம் வரைக்கும்தான் நீளும். விலை தேடும் சிறு செயற்கூற்றுக்குள்ளேயே டிரை-எக்செப்ட் போட்டு அங்கேயே பிடித்திருந்தால், தடத்தில் அந்த ஒரே படிதான் இருக்கும். அதை அழைத்தவர் யாரென்பது மறைந்துபோயிருக்கும். உள்ளே பிடித்தே ஆக வேண்டிய இடங்களில், லாகிங் தொகுதிக்கு ஸ்டாக்-இன்ஃபோ என்ற வாதத்தையும் கொடுத்தால் மேல்படிகளும் எழுதப்படும். ஜாவாவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எக்செப்ஷன் உருவாகும்போதே, அந்தத் திரெடின் (நிரலுக்குள் தனியே ஓடும் இழையின்) அடுக்கு முழுவதும் அதற்குள் பதிந்துகொள்ளப்படுகிறது.

அதே வாசகரின் இரண்டாம் கடிதம்: நீங்கள் முன்கூட்டியே தனியாக எழுதியனுப்பிய பதிலின்படி மாற்றினேன். ஒன்பதாம் நாள் அதிகாலை 4.45 மணிக்குப் பிழை வந்தது. தடத்தில் நான்கு படிகள் இருந்தன. கடைசிப் படி, எதிர்பார்த்தபடி, விலை தேடும் வரி. ஆனால் அதற்கு முந்தைய படி, நான் இத்தனை நாளாகச் சந்தேகப்பட்ட தட்டச்சுப் படிவம் அன்று; வியாபாரி ஒருவர் முந்தின இரவே அனுப்பிவைக்கும் பட்டியல் கோப்பை வாசிக்கும் செயற்கூறு. அந்தக் கோப்பைத் திறந்தால் அங்கேயும் கோழிக்கூடு எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. குழப்பம் கூடிவிட்டது.

பதில்: தேட வேண்டிய இடம் ஆயிரம் வரிகளிலிருந்து ஒரு கோப்புக்குச் சுருங்கியிருக்கிறது. அந்தக் கோப்பையும் எனக்கு அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, அதிலிருந்து ஒரு கோழிக்கூட்டையும், உங்கள் விலைப்பட்டியலிலிருந்து ஒரு கோழிக்கூட்டையும் எடுத்து நீளம் அளந்து பார்த்தேன். உங்களுடையதில் 10 குறியீடுகள், வியாபாரியுடையதில் 11.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறியில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரத்துக்கென்றே உள்ள ஒற்றைக் குறியீட்டைப் போடுவது ஒன்று. ஏகாரத்துக்குரிய இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரு தனிக் குறியீடுகளாகப் போடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் 'கோ' என்றே தெரியும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் கிடையாது. ஒருங்குறித் தரமும் இரண்டையும் சமம் என்றே கொள்கிறது. ஆனால் பைத்தான் இரண்டு சரங்களை ஒப்பிடும்போது குறியீடு குறியீடாகத்தான் பார்க்கும், ஆகவே அதற்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் வடிவம் வந்துவிடும். வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள்; அவருடைய பழைய பட்டியல் அப்படி மாற்றப்பட்டதாகத்தான் இருக்கும்.

உங்கள் பட்டியலில் கோழிக்கூடு மட்டும் அகப்பட்டதற்கும் இதுவே காரணம். ஏத்தன், ரசகதலி, செவ்வாழை, மட்டி ஆகிய பெயர்களில் ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ ஔகாரக் குறியோ இல்லை. இப்படிப் பிரிந்து எழுதப்படக்கூடிய தமிழ் உயிர்க்குறிகள் அந்த மூன்றுதான்.

தீர்வு எளிது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும், உங்கள் விலைப்பட்டியலின் பெயர்களையும், யூனிகோட்டேட்டா என்னும் தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றைக் கொண்டு, பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிய பிறகே டிக்ஷனரிக்குள் விடுங்கள். பதிவுக்கோப்பில் தமிழ்ச் சொல் ஒன்றை எழுதும்போது, ஆஸ்கி என்ற செயற்கூற்றின் வழியாகவும் ஒருமுறை எழுதிவையுங்கள். அது எழுத்துகளுக்குப் பதில் குறியீட்டு எண்களைக் காட்டும். மதிப்பை எழுத்தாகக் காட்டும் பைத்தானின் வழக்கமான ரெப்ர் என்ற செயற்கூறு தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே காட்டிவிடுவதால் இந்த வகைத் திருட்டை அது பிடித்துக்கொடுக்காது.

தமிழில் பதிவு எழுதுவோர் எல்லோரும் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது, ஒருங்குறியை எழுதும் குறிமுறையான யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், பெரும்பாலான கணினிகளில் பைத்தான் பழைய சி.பி.1252 போன்ற குறிமுறையை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. அப்போது பிழையைப் பதிவு செய்ய வந்த லாகிங் தொகுதியே பிழையில் சிக்கிக்கொள்ளும். நிரலை நிறுத்தாமல், 'லாகிங் எரர்' என்று தலைப்பிட்டுத் தன் புலம்பலைத் திரைக்கு அனுப்பிவிட்டு அது நகர்ந்துவிடும்; கட்டளைகளைத் தட்டும் கருந்திரை இல்லாமல் ஓடும் நிரலில் அந்தப் புலம்பலுக்குப் போக இடமும் கிடையாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்த பிழைகள் மட்டும் பல வாரங்கள் ஒரு தடயமும் இல்லாமல் போயின. ஆங்கிலப் பெயர்களோடு வந்த பிழைகள் ஒழுங்காகப் பதிவானதால், தமிழ் வாடிக்கையாளருக்குப் பிழையே வருவதில்லை என்று நாங்கள் பெருமையாக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது.

பெட்டிகூடத் தோன்றாமல் சில நாள்களில் நிரலே மறைந்துவிடுகிறது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். எவரும் பிடிக்காத எக்செப்ஷன் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், சிஸ் தொகுதியின் எக்செப்ட்ஹூக். அதற்கு உங்கள் செயற்கூறு ஒன்றை வைத்து, அங்கிருந்து பதிவுக்கோப்பில் எழுதச் செய்யலாம். பின்னணியில் ஓடும் திரெடுகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் திரெடிங் தொகுதியில் தனி எக்செப்ட்ஹூக் 3.8ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. திரை அமைப்புக்கு டிகின்டர் பயன்படுத்தினால், பொத்தானை அழுத்தும்போது எழும் எக்செப்ஷன்களை டிகின்டரே பிடித்துக்கொள்வதால், அதன் ரிப்போர்ட்-கால்பேக்-எக்செப்ஷனையும் மாற்றி எழுத வேண்டும். மூன்று வாசல்களையும் அடைத்த பிறகும் நிரல் மறைந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் படிப்பை முடித்துவிட்டு, ஜாவாவில் வேலை பழகுகிறேன். எங்கள் நிரலுக்கு மூன்று அடுக்குகள். தரவுத்தளத்தைத் தொடும் கீழ் அடுக்கில் எக்செப்ஷனைப் பிடித்துத் தடத்தோடு எழுதிவிட்டு மீண்டும் மேலே வீசுகிறோம். நடு அடுக்கும் அப்படியே செய்கிறது. மேல் அடுக்கும் அப்படியே. இரவு ஒரே ஒரு தடவை இணைப்பு அறுந்தால், காலையில் மூன்று பிழைகள் என்று கணக்கு வருகிறது. என் மேலாளர், எழுதாமல் விடுவதைவிட மூன்று முறை எழுதுவது மேல் என்கிறார்.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மேலாளரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே சாவுக்கு மூன்று தந்தி வந்தால் மூன்று வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போக வேண்டியிருக்கும். எழுதுவது அல்லது வீசுவது, இரண்டில் ஒன்றைத்தான் ஓர் அடுக்கு செய்ய வேண்டும். கீழ் அடுக்குக்குத் தெரிந்த விவரம் ஏதேனும் இருந்தால், அதைப் புதிய எக்செப்ஷனின் செய்தியில் வைத்து, பழைய எக்செப்ஷனை அதன் காரணமாக உள்ளே கொடுத்து வீசட்டும். மேல் அடுக்கு ஒருமுறை எழுதினால், 'காஸ்ட் பை' என்று தொடங்கும் பகுதிகளாக எல்லாக் காரணங்களும் சேர்ந்தே வந்துவிடும். புதிய எக்செப்ஷனைக் காரணம் இல்லாமல் வீசுவதுதான் மன்னிக்க முடியாத பிழை. அத்தோடு கீழிருந்து வந்த வழி முழுவதும் அறுந்துபோகிறது. சி ஷார்ப் எழுதும் நண்பர்கள் இருந்தால், அங்கே 'த்ரோ' என்று மட்டும் எழுதுவதற்கும், பிடித்த எக்செப்ஷனின் பெயரையும் சேர்த்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு, பெயரைச் சேர்த்தால் தடம் அந்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும் என்பதைச் சொல்லுங்கள்.

பழகும் காலத்தில் பலர் தடுமாறும் இடம், தடத்தை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்பது. ஜாவாவில் எக்செப்ஷன் எழுந்த வரி தடத்தின் உச்சியில் இருக்கும். காரணங்கள் பல இருந்தால், மூலகாரணம் கடைசி 'காஸ்ட் பை' பகுதியில் இருக்கும். பைத்தானிலோ பிழை எழுந்த வரியும் எக்செப்ஷனின் பெயரும் அடியில் இருக்கும்.

சில நாள் ஓடிய பிறகு, நல்பாயின்டர்எக்செப்ஷன் என்ற பெயர் மட்டும் தடமே இல்லாமல் பதிவாவதைப் பார்த்தால் உங்கள் நிரலைக் குறை சொல்ல வேண்டாம். அதே இடத்தில் அதே எக்செப்ஷன் திரும்பத் திரும்ப எழுந்தால், ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா இயந்திரம், வேகத்தின் பொருட்டு, தடமில்லாத ஓர் எக்செப்ஷனை முன்கூட்டியே செய்துவைத்துக்கொண்டு அதையே வீசும். அதே கோப்பில் பின்னோக்கிப் போனால் முதலில் எழுந்தவை தடத்தோடு கிடைக்கும். கோப்பு சுழன்று அவை அழிந்துவிட்டால், 'ஆமிட்-ஸ்டாக்-டிரேஸ்-இன்-ஃபாஸ்ட்-த்ரோ' என்னும் அமைப்பை அணைத்துவிட்டு இயந்திரத்தை மறுபடி கிளப்ப வேண்டும். மேலும், ஜாவா 14 பதிப்பிலிருந்து எது நல் (ஒன்றையும் சுட்டாத வெறுமை) ஆக இருந்தது என்பதையே செய்தியில் சொல்லும் வசதி வந்திருக்கிறது. உங்கள் அலுவலகம் இன்னும் 8ஆம் பதிப்பிலேயே இருந்தால் அது கிடைக்காது.

கேள்வி: வள்ளியூரில் துணிக்கடை ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிழை வந்தால் தடம் முழுவதும் வாடிக்கையாளரின் திரையிலேயே தெரியும்படி வைத்திருக்கிறேன். அவர்கள் படம் பிடித்து அனுப்பிவிடுவதால் எனக்கு வேலை சுலபம். இது ஆபத்து என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: நண்பர் சொல்வது உண்மை. கோப்புகள் இருக்கும் இடம், நூலகங்களின் பெயர், சில வேளை தரவுத்தள வினவலே அந்தத் திரையில் இருக்கும். ஜாங்கோ போன்ற, இணையதளம் கட்டும் சட்டகங்களில், பிழை தேடுவதற்கான டீபக் அமைப்பைத் திறந்தே வைத்துவிட்டால் மாறிகளின் மதிப்புகளும் சேர்ந்து தெரியும். வாடிக்கையாளருக்கு ஒரு வருத்தச் சொல்லும் ஒரு எண்ணும் போதும். அதே எண்ணைத் தடத்தோடு உங்கள் கோப்பில் எழுதிவையுங்கள். அவர்கள் எண்ணைத் தொலைபேசியில் சொன்னால் நீங்கள் அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

பிழையறிக்கை சேரக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பெரிய சான்று, 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட். திசைகாட்டும் கணினியில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளாமல் எக்செப்ஷன் எழுந்தது. ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த நிரலில், அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்ற நம்பிக்கையால் அந்த மாற்றத்துக்குக் காவல் வைக்கப்படவில்லை. கணினி தன்னை நிறுத்திக்கொள்ளும்போது தன் பழுதறிக்கையை இணைப்புக் கம்பியில் அனுப்பியது. அதை முதன்மைக் கணினி பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு, இல்லாத விலகலைத் திருத்த ராக்கெட்டைத் திருப்பியது. ஏறத்தாழ 40 விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

உங்கள் கோப்பிலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டாம். கடவுச்சொல், ஆதார் எண், அட்டை எண் ஆகியவை செய்திக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது நல்ல பழக்கம் என்ற அளவோடு நிற்கும் செய்தி அன்று.

கேள்வி: தவறான கடவுச்சொல் போட்டால்கூட எங்கள் நிரல் தடம் எழுதுகிறது. கோப்பு பெருத்து வட்டு நிறைந்துவிட்டது. தடமே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: நிறுத்த வேண்டாம், பிரித்துவிடுங்கள். தவறான கடவுச்சொல், தீர்ந்துபோன சரக்கு, நிரப்பாமல் விட்ட கட்டம் ஆகியவை எதிர்பார்த்தவை. ஒற்றை வரி போதும். உங்கள் கணக்கில் வராதது எழுந்தால் மட்டும் தடம் எழுதுங்கள். கோப்பு இன்ன அளவு வந்ததும் சுழன்று, பழையவற்றில் ஐந்தோ பத்தோ மட்டும் மிஞ்சும்படி அமைத்துக்கொள்ளலாம். பைத்தானில் இதற்கென்றே ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர் உண்டு, லினக்ஸில் லாக்ரொட்டேட் உண்டு. நேரத்தை எழுதும்போது நேர மண்டலத்தையும் சேருங்கள். உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில், நம்முடைய அதிகாலை 4.45 மணி முந்தின நாள் இரவு 11.15 என்றே பதிவாகும். தேதியே மாறிவிடுவதால், பிழை வந்த நாளின் கோப்பில் தேடி ஒன்றும் இல்லையென்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவுக்கோப்பின் நகல் ஒன்று வேறோர் இடத்திலும் இருக்கட்டும். 2023 டிசம்பர் மழையில் நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பில் போடும் கணினியும் அதன் பதிவுகளும் சேர்ந்தே முழுகின. கணக்கின் நகல் வெளியே இருந்தது. பதிவுக்கோப்பின் நகல் இல்லை. முதல் நாள் மாலை முதலே அந்த நிரல் ஏன் தடுமாறிக்கொண்டிருந்தது என்பதை அதன் பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.